செங்கல் வளைவில் அடிபட்டவன்

"எனக்க மாப்பிளைய அந்தச் சாரு வேணும்னே இடிச்சாரா, தெரியாம இடிச்சாரா? அது மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும் ஏட்டையா."

சுகுமாரி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. பாறசாலை சந்திப்பில், பாக்குக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் குட்டப்பன் உட்கார்ந்திருந்தான். எலியா ஜன்னலோரம் நின்றிருந்தார்.

அவர் ஏட்டு வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஊர்தான் அந்தப் பெயரை விடவில்லை. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மறியல் செய்த கூட்டத்தின் மேல் தடியெடுக்கச் சொன்ன அன்று, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்தவர் அவர். அதற்குப் பிறகு போலீஸ்காரர்கள் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். காக்கி போட்ட உடம்பு என்று போராட்டக்காரர்களும் ஒதுங்கினார்கள். காணாமல் போன மாடு, ஓடிப்போன மருமகன் என்று யாராவது படியேறி வந்தால்தான் அவருக்கு அன்றைக்குப் பேச்சு. மற்ற நாட்களில் குட்டப்பன் பேசுவான், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

குட்டப்பன் பஸ் கண்டக்டராக இருந்தவன். பஸ் ஏன் தாமதம் என்று கேட்ட மேலதிகாரியிடம், "சார் கை காட்டினீங்க, நின்னுது. அதனால தாமசம்" என்று சொல்லி வேலையை இழந்தவன்.

"இருந்து பேசு சுகுமாரி" என்று அவன் எழுந்து நாற்காலியைத் தள்ளினான். "உனக்க மாப்பிள ஓட்டின பஸ்ஸில நான் டிக்கெட்டு கிழிச்சிருக்கேன். செல்லையன் அண்ணன் பிரேக்கு போட்டா, கையில இருக்க சாயா கூட சிந்தாது. அந்த மனுசன இப்பிடி ஆக்கிட்டானே, அந்த வாத்தியான்."

செல்லையனைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. போன வருட மறியலில் தான் ஓட்டிய பஸ்ஸையே ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தியவன். வேலை போயிற்று. லைசன்ஸையும் கோர்ட்டு நிறுத்தி வைத்தது. பாறசாலையில் ஒரு பட்டறையில் வண்டி ரிப்பேர் பார்த்துக்கொண்டு, லைசன்ஸ் திரும்பி வரும் நாளுக்காகக் காத்திருந்தான்.

"சித்திரையில கிடைச்சிரும்னு சொன்னாவ. மார்த்தாண்டத்தில ஒரு லாரிக்காரரு இவருக்குன்னு வண்டிய ஒதுக்கி வச்சிருக்காரு" என்றாள் சுகுமாரி. "அதுக்குள்ள இது வந்திட்டு."

நடந்ததை அவள் சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்னால், கடையடைப்பு நாள். நாலு தாலுக்கா தமிழ்நாட்டுக்குப் போகும், நெய்யாற்றின்கரை போகாது என்று மாநில எல்லைகளை வகுத்த கமிஷன் எழுதியதை எதிர்த்து அந்த மாசி மாதம் அடிக்கடி கடைகள் மூடின, பஸ்ஸும் ஓடவில்லை. மத்தியானம் செங்கல் வளைவில் செல்லையன் கால் முறிந்து, நினைவில்லாமல் கிடந்தான். பக்கத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள், அதன் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து விஜயதாஸ் சார். லைசன்ஸ் இல்லாமல் தானே ஓட்டி வந்து இடித்துவிட்டதாக அங்கேயே ஒப்புக்கொண்டார். நாளைக்கு நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் கேஸ்.

"ரெண்டு பேரும் சின்னதிலேருந்து கூட்டுக்காரங்க. சபையில ஒரே பெஞ்சில இருப்பாவ. இப்ப ஊரே சொல்லுது, சாரு போலீசுக்கு ஆளு காட்டிக் குடுக்குதவன், அதனால இவர முடிக்கப் பாத்தான்னு. பயலுவ அவருக்க வீட்டில சாணி எறிஞ்சாச்சு. நாளைக்குக் கோர்ட்ட விட்டு வெளிய வரட்டும்னு நாலு பேரு சொல்லிட்டுத் திரியுதானுவ."

"உன் மாப்பிள என்ன சொல்லுதான்?" என்று கேட்டார் எலியா.

"ஒண்ணும் சொல்லல்ல. அதாக்கும் எனக்குப் புரியாதது. தினம் சாயங்காலம் சாரு வந்து வேலிக்கு வெளிய நிக்குதாரு. ஒரு சீப்புப் பழத்த வேலியில தொங்கவிட்டுட்டுப் போறாரு. நான் இவருகிட்ட பறஞ்சா, சுவருப் பக்கம் திரும்பிக் கெடக்குதாரு."

எலியா ஜன்னலை விட்டுத் திரும்பினார். "அண்ணைக்கு ஆஸ்பத்திரியில நீ பாத்தப்ப அவன் எப்பிடி இருந்தான்? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எப்பிடி இருப்பாரு? முகமெல்லாம் செம்மண்ணு. கண்ணச் சுத்தி மட்டும் ரெண்டு வட்டம் வெளுப்பா. எனக்குப் பயந்து போச்சு. நனச்ச துணியால நான்தான் தொடச்சு எடுத்தேன்."

"ஆந்த போல" என்றான் குட்டப்பன். சுகுமாரியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"கண்ணாடி போடுத வழக்கம் உண்டா அவனுக்கு?"

"இல்ல ஏட்டையா. ரெண்டு மைலுக்கு அங்க நிக்குத பஸ்ஸுக்க போர்ட இங்கேருந்து வாசிப்பாரு."

"நீ வீட்டுக்குப் போ. நாங்க சாயங்காலம் வாறோம்" என்றார் எலியா.

செங்கலுக்குப் போகும் செம்மண் ரோட்டில் குட்டப்பன் சைக்கிளை மிதித்தான். எலியா பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டே, நீங்க யோசிக்கும்போ சைக்கிளு கனக்குது."

"மேடு மக்கா."

"மேடு எனக்குத் தெரியும். இது வேற கனம்."

விஜயதாஸின் வீடு மரச்சீனிக் கிழங்கு பயிரிட்ட விளைக்கு நடுவே தனியாக நின்றது. வெள்ளையடித்த சுவரில் சாணி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அவன் அதைக் கழுவவில்லை. பள்ளிக்கூடத்தில் கேஸ் முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். அதைவிட மூத்தவனாகத் தெரிந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் குந்தி கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தவன், ஆள் நிழல் கண்டு திடுக்கிட்டு எழுந்தான்.

"சாணி கொண்டு வரல்ல. பயப்படாதேயும்" என்றான் குட்டப்பன்.

எலியா தன்னை யார் என்று சொன்னார். சுகுமாரி அனுப்பியதையும் மறைக்கவில்லை. விஜயதாஸ் இருவருக்கும் பாய் விரித்தான்.

"அண்ணைக்கு எங்க போனீரு சாரே?"

"நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு. அம்மை அங்க கெடந்தா. மத்தியானத்துக்கு மேல தாங்காதுன்னு ஆளு வந்து சொல்லிச்சு. பஸ்ஸு இல்ல. பட்டறையில ஒரு வண்டி நின்னுது, ஊருக்குத் திரும்பிப் போன மிஷன் டாக்டருக்க வண்டி. கேக்காம எடுத்தேன்."

"ஓட்டத் தெரியுமா?"

"கொஞ்சம்."

"எப்பிடி எடுத்தீரு? எனக்கு அந்த வண்டி பழக்கமில்ல, அதான் கேக்குதேன்."

"எப்பிடின்னா... சாவியத் திருப்பினேன். காலால ஒரு சவிட்டு. ஓடிச்சு."

"சாவி இப்ப எங்க?"

"போலீசுகாரங்க எடுத்திருப்பாவ."

எலியா தலையாட்டினார். அவர் பார்வை விஜயதாஸின் வலது கெண்டைக்காலில் இருந்தது. உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. புதுத் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

"கஞ்சி கொட்டினதா?"

"சைலன்ஸரு சுட்டது."

"அம்மையப் பாத்தீரா?"

விஜயதாஸ் கஞ்சியைக் கிளறினான். "ஸ்டேஷன்ல வச்சுத்தான் தகவல் வந்துது."

அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. எலியா எழுந்தார். விஜயதாஸும் அவசரமாக எழுந்து வாசலை மறைத்ததுபோல நின்றான்.

"வேற ஒண்ணும் கேக்கணும்னு இல்லியா? கேட்டாலும் எனக்குப் பிரச்சினை இல்ல. கஞ்சி உண்டு. குடிச்சிட்டுக் கேளுங்க."

குட்டப்பன் மறுத்துவிட்டுச் சைக்கிளை எடுக்கப் போனான். எலியா திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கஞ்சி குடித்தார்கள். சைக்கிள் மணி இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அவர் எழுந்தார்.

போலீஸ் ஸ்டேஷன் முற்றத்துப் பலாமரத்தில் அந்த மோட்டார் சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. முன் மட்கார்டு நசுங்கி, விளக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. பாரா நின்ற அப்புக்குட்டன் ஒருகாலத்தில் எலியாவோடு ஒரே பாயில் படுத்தவன். இப்போது துப்பாக்கியைப் பார்த்துப் பேசினான்.

"ஏட்டே, அது தீர்ந்ந கேஸாணு. அயாளு தன்னே சம்மதிச்சு" என்றான், வாத்தியார் தானே ஒப்புக்கொண்டதைச் சொல்லி.

"நீதானே முதல்ல போன ஆளு. அவருகிட்ட என்ன கேட்ட?"

"'நீ வண்டி கொண்டு இவன இடிச்சதா'ந்நு கேட்டு. 'ஆமா'ந்நு பறஞ்ஞு."

"நல்ல கேள்வி. பதிலையும் நீயே குடுத்திருக்க."

அப்புக்குட்டனுக்கு அது புரியவில்லை. எலியா வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எலே குட்டப்பா, பின்னால ஏறு."

"எங்க போறோம்?"

"எங்கயும் போகல்ல. ஏறு."

குட்டப்பன் ஏறினான். எலியா குனிந்து பார்த்தார். ஓட்டுகிறவரின் கால் சைலன்ஸருக்கு எட்டாமல் முன்னால் நின்றது. பின்னால் இருந்தவனின் வலது கெண்டைக்கால், முழங்காலுக்குக் கீழே, குழாயின் மேலேயே ஒட்டி இருந்தது.

"இப்ப சாவி போடு."

குட்டப்பன் இறங்கி ஹேண்டில் பாரைப் பார்த்தான், டாங்கின் மேலும் கீழும் தடவினான், சீட்டுக்கு அடியில் குனிந்தான். சாவி போட ஒரு துளையும் இல்லை. பழைய மாக்னெட்டோ வண்டி. பெட்ரோல் குழாயைத் திறந்து உதைத்தால் போதும், சாவி என்ற ஒன்றே அதற்குக் கிடையாது.

"இல்லாத சாவியத் திருப்பினவனுக்கு லைசன்ஸு குடுக்காததில ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு, சட்டென்று நிறுத்தினான். அவன் முகம் மாறியது. "ஏட்டே, அந்தச் சாரு இந்த வண்டிய ஓட்டவே இல்ல."

"இல்ல."

"பின்னால இருந்திருக்காரு. அப்ப முன்னால ஒருத்தன் உண்டு. செல்லையன் அண்ணன இடிச்சுப் போட்டுட்டு, சாரு தலையில கட்டிட்டு ஓடிப்போன ஒரு மூணாவது ஆளு. அவன எங்க போய்ப் பிடிக்க?"

எலியா சைக்கிளை நோக்கி நடந்தார். வழியெல்லாம் குட்டப்பன் அந்த மூன்றாவது ஆளைத் தேடினான். போராட்டத் தலைவர்களில் ஒருவனா, மப்டி போலீஸா, பூவாரிலிருந்து வந்து போகும் கடத்தல்காரனா என்று ஒவ்வொருவராக எடுத்து, அவனே தள்ளினான்.

அவர்கள் சுகுமாரியின் வீட்டுக்குப் போனபோது வெயில் இறங்கியிருந்தது. வேலியில் ஒரு சீப்பு ரசகதலிப் பழம் தொங்கியது. செல்லையன் உள்ளே கட்டிலில், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தான். குட்டப்பனைக் கண்டு முதலில் சிரித்தவன், பின்னால் எலியாவைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பினான். சுகுமாரி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"அந்தச் சாரு வேணும்னு இடிக்கல்ல" என்றார் எலியா. "தெரியாமயும் இடிக்கல்ல. அவரு வண்டியே ஓட்டல்ல. அந்த வண்டிக்குச் சாவி இல்லன்னு கூட அவருக்குத் தெரியாது. பின்னால இருந்ததுக்கு அவருக்க காலில தழும்பு உண்டு."

"அப்ப ஓட்டினது ஆரு?" என்றாள் சுகுமாரி.

"அந்த மூணாவது ஆளு" என்றான் குட்டப்பன்.

"மூணாவது ஆளு இல்ல மக்கா. வண்டியில ரெண்டு பேரு இருந்தாவ. ரோட்டில ஆருமே இல்ல."

குட்டப்பன் திரும்பிக் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தான். 

எலியா சுகுமாரியைப் பார்த்துச் சொன்னார்: "நடந்து போன ஒருத்தன் மண்ணில விழுந்தா முகம் முழுக்க மண்ணு அப்பும். கண்ணச் சுத்தி மட்டும் ரெண்டு வட்டம் எப்பிடி வெளுக்கும்? தூசிக்குக் கண்ணாடி கட்டிட்டு வண்டி ஓட்டினவனுக்குத்தான் அப்பிடி இருக்கும். நீதான் அதத் தொடச்சு எடுத்த. நீதான் எனக்கு அதச் சொல்லவும் செய்த."

 கட்டிலிலிருந்து, சுவரைப் பார்த்தபடியே, செல்லையன் பேசினான்.

"பட்டறைக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்குது. 'அம்மை போகப்போறா, என்னக் கொண்டு விடுலே'ன்னான். 'லைசன்ஸு இல்ல, பிடிச்சா எனக்கு இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது'ன்னேன். அவன் ஒண்ணும் சொல்லல்ல. அப்பிடியே நின்னான். நான் கண்ணாடிய மாட்டிட்டு வண்டிய எடுத்தேன்."

"பின்ன?" என்றாள் சுகுமாரி.

"வளைவில ஒரு ஆடு குறுக்க வந்துது. வண்டி சறுக்கிச்சு. கண்ணு முழிக்கும்போ ஆஸ்பத்திரி. கட்டிலுக்குப் பக்கத்தில போலீசுகாரன் நிக்குதான். 'அந்த வாத்தியாரு இடிச்சதுதானே'ன்னான். நான் கண்ண மூடிட்டேன். பொறவு அவன் ஜாமீன்ல வெளிய வந்து எனக்க காதில சொன்னான், 'நீ ஒண்ணும் பறையாதே, நான்தானே உன்னக் கூப்பிட்டேன், எனக்குப் பறிபோக ஒரு லைசன்ஸும் இல்ல'ன்னு. கண்ணாடியையும் அவனே எடுத்து விளையில எறிஞ்சிட்டானாம்."

"அதக் கேட்டுட்டுச் சும்மா கெடந்தியளா?"

"சித்திரை வரைக்கும்னு நினைச்சேன். பொறவு ஊரு அவனத் துரோகின்னு சொல்லத் தொடங்கிச்சு. அம்மைய அடக்கம் பண்ணவும் ஆரும் போகல்லன்னு கேட்டேன். ஒவ்வொரு நாளும் வாயத் திறக்கணும்னு நினைப்பேன். அப்ப அந்த லாரி நினைப்பு வரும்." அவன் திரும்பி வேலிப் பக்கம் பார்த்தான். "அவன அம்மைகிட்ட கொண்டும் சேக்கல்ல. இதையும் செய்தேன்."

சுகுமாரி அவனைத் திட்டவில்லை. வேலிக்குப் போய்ப் பழத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாளும் அவள் அதைப் பசுவுக்குத்தான் போட்டிருந்தாள். இன்று ஒரு பழத்தை உரித்துக் கணவன் கையில் வைத்தாள்.

"தின்னுங்க" என்றாள். "கூட்டுக்காரன் கொண்டு வந்ததாக்கும்."

செல்லையன் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான்.

"நான் போலீசு இல்ல" என்றார் எலியா. "சுகுமாரி கேட்டா, சொன்னேன். இது என் வாயிலேருந்து வேற ஆருக்கும் போகாது. நாளைக்குக் காலைல அந்தச் சாரு குற்றத்த ஒத்துக்கிடுவாரு. ஜெயிலுக்குப் போவாரு, வேலையும் போகும். அதுக்கு முன்ன வெளிய அந்த நாலு பேரு நிப்பானுவ. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

திரும்பும்போது குட்டப்பன் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வந்தான். பாறசாலை வரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எலியாவுக்கு அந்த அமைதி பழக்கமில்லாததாக இருந்தது.

காலையில் கோர்ட்டில் விஜயதாஸ் கூண்டில் ஏறி நின்றான். அவன் பக்கத்து ஆள் என்று ஒருவரும் வரவில்லை, வக்கீலும் வைக்கவில்லை. வாசலில் நான்கு இளைஞர்கள் தூணில் சாய்ந்திருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்ற கேள்வி வந்தபோது, வெளியே ஒரு காளைவண்டி வந்து நின்றது. சுகுமாரி ஒரு தோளிலும் வண்டிக்காரன் மறுதோளிலும் தாங்க, செல்லையன் உள்ளே வந்தான்.

"ஐயா, வண்டி ஓட்டினது நான். அவன் பின்னால இருந்தான்."

"எலே, பேசாம இரு" என்றான் விஜயதாஸ் கூண்டிலிருந்து.

மாஜிஸ்திரேட் மலையாளத்தில் கேட்டார். செல்லையன் தமிழில் பதில் சொன்னான். இருவருக்கும் அதில் சிரமம் இருக்கவில்லை.

லைசன்ஸ் உண்டா என்றார். நிறுத்தி வைத்திருக்கிறது என்றான். தெரிந்தேதான் ஓட்டினாயா என்றார். தெரிந்தேதான் என்றான். இதன் விளைவு என்ன என்று தெரியுமா என்றார்.

"தெரியும் ஐயா. அது தெரிஞ்சதனாலதான் இத்தன நாள் பேசாம கெடந்தேன்."

விளைவு லேசாக இருக்கவில்லை. கால் கூடிய பிறகு செல்லையன் ஒரு மாதம் உள்ளே இருந்தான். லைசன்ஸ் பிறகு அவன் கைக்கு வரவேயில்லை. மார்த்தாண்டத்து லாரியை வேறொருவன் ஓட்டினான். பொய் சொன்னதற்கு விஜயதாஸுக்கு அபராதம் விழுந்தது. பள்ளிக்கூடம் அவனைத் திரும்ப எடுத்தது, ஆனால் அம்பூரி மலையோரத்து ஒரு சின்னப் பள்ளிக்கு மாற்றி. இதெல்லாம் அடுத்தடுத்த மாதங்களில் நடந்தவை.

அன்றைக்கு மத்தியானம் அவர்கள் வெளியே வந்தபோது தூண்களின் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த நான்கு பேரும் செல்லையன் பேசி முடிப்பதற்குள் போய்விட்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்க ஒருவனும் நிற்கவில்லை.

விஜயதாஸும் செல்லையனும் மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 

"எதுக்குலே வந்த?" என்றான் விஜயதாஸ்.

"அம்மைய எங்க வச்சிருக்கு?"

"நம்ம சபைக் கல்லறைத் தோட்டத்தில. மதிலோரமா."

"என்னக் கொண்டு போ."

விஜயதாஸ் மண்ணில் விரலால் ஏதோ கோடு போட்டான். "உபதேசியாரு வந்து ஜெபம் பண்ணினாரு. குழி வெட்டினவன் மம்பட்டியக் கழுவப் போயிட்டான். ஆமென் சொல்ல ஆளு இல்லாம அவரே சொல்லிட்டுப் போனாரு."

செல்லையனை வண்டியில் ஏற்றினார்கள். சுகுமாரி ஏறினாள். எலியா குட்டப்பனின் தோளைத் தொட்டு, போகலாம் என்று ரோட்டுப் பக்கம் காட்டினார். அவர் வேலை முடிந்துவிட்டது. அவர் நாலு எட்டு நடந்த பிறகு விஜயதாஸ் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"ஏட்டையா, நீங்களும் வாருங்க. ஆமென் சொல்ல ஆளு காணாது."

எலியா நின்றார். யாரும் தன்னை ஓரிடத்துக்கு வரச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கு நினைவு வரவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் குட்டப்பன் வண்டியில் ஏறி இடம் பிடித்திருந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் புது மண் இன்னும் புல் முளைக்காமல் மேடாக இருந்தது. செல்லையனால் முழங்காலிட முடியவில்லை. விஜயதாஸ் ஒரு கையால் அவனைத் தாங்கிக்கொண்டு, தானே ஜெபம் செய்தான். சின்ன ஜெபம், நடுவில் இரண்டு இடத்தில் குரல் நின்று மறுபடி தொடங்கியது. முடித்ததும் மூன்று பேர் ஆமென் என்றார்கள். குட்டப்பன் அம்பலத்துக்குப் போய்ச் சாமி கும்பிடுகிறவன், எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, தனியாக, உரக்க ஆமென் என்றான்.